இரண்டு சீட்டுக் கார்

ஜெயகௌரி என்ற பெயரைத் தவமணி முதன்முதலாகக் கேட்டபோது கையெல்லாம் புட்டு மா. டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுவிஸில் பாடன் நகரில் நின்றபடி, துன் நகரிலிருந்து தம்பி பாலேந்திரன் சொன்னதைக் கேட்டாள். "அக்கா, பெயர் ஜெயகௌரி. ஹோட்டல்லை துணி தைக்கிறவ. நாங்களே கதைச்சு முடிச்சிட்டம்."

தாயில்லாத தம்பிக்கென்று அவள் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். கையில் மா காயுமுன்னே உறவைத் தேடிப் பிடித்துவிட்டாள்: இந்த ஜெயகௌரியின் தாயுடைய தமையன் பெண் எடுத்த இடம், தங்கள் பெரியப்பாவின் மருமகனுக்குச் சொந்தம். "அந்த வழியிலை ஒருத்தரும் சொல்லுக் கேட்டதில்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்தக் கோபத்துக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. தம்பி வீட்டுக்கு வருவாள், பலகாரம் கொண்டுவருவாள், ஆனால் உட்கார்ந்து இருக்கமாட்டாள். தோளில் மாட்டிய கைப்பை தோளிலேயே தொங்கும். "இருங்கோ மச்சாள்" என்பாள் ஜெயகௌரி. "இல்லை, ரயிலுக்கு நேரமாகுது" என்பாள் தவமணி. ரயில் அரை மணிக்கொருக்கால் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தன் வீட்டுக் கதிரையில் மச்சாள் ஒருநாளும் இருந்ததில்லை என்பது ஜெயகௌரியின் நெஞ்சில் தைத்த முள். வெளியே சொல்லமாட்டாள்.

சொல்ல வாயும் ஒழிவதில்லை. வேலை முடிந்து வந்தால் நேரே கராச்சுக்குள் இறங்கிவிடுவாள். கழுத்தில் அளவுநாடா, உதட்டில் நட்டு. தையல்காரர் குண்டூசியைக் கவ்வுவதுபோல இவள் நட்டுகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்வாள். யார் என்ன நக்கல் அடித்தாலும் "ம்" மட்டும்தான் வரும். தவமணிக்கு அது திமிராகப் பட்டது.

கராச்சில் அவள் செய்தது ஒரு கார். ஹோட்டல் வாசலில் ஒருநாள், சிவப்பாய், நிலத்தோடு படுத்த மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. விலையைக் கேட்டாள், சிரித்தாள். அந்த மாதிரி வண்டி துண்டு துண்டாய்ப் பெட்டிகளில் இங்கிலாந்திலிருந்து வரும், வீட்டிலேயே பொருத்தலாம் என்று கார்க்காரர் சொல்லிவிட்டுப் போனார். "வாங்கத்தானே ஏலாது, பூட்டிப் பொருத்த ஏலும்" என்றாள் ஜெயகௌரி. சட்டகமும் உடலும் பெட்டிகளில் வந்தன. எஞ்சின் மட்டும் உள்ளூரிலேயே கிடைத்தது. பாலேந்திரன் வேலையால் வந்து பார்த்தபோது அவருடைய பழைய கார் நின்ற இடத்திலேயே நின்றது, உள்ளேதான் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த உத்தியோகம் டோர்ச் பிடிப்பது. "பிடி எண்டால் பிடிப்பன், விடு எண்டால் விடுவன். கலியாணம் கட்டின நாளிலை இருந்து பழக்கம்" என்பார். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரர் எஞ்சினைப் பற்றி விசாரிப்பது அவரிடம்தான். அவரும் நாடியைத் தடவித் தடவித் தலையாட்டுவார். வண்டிக்கு அடியில் கிடக்கும் ஜெயகௌரி ஸ்பானரால் அவருடைய காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமையில் சுத்தியல் சத்தம் கேட்டால் அதே பக்கத்து வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிடும். அதனால் ஞாயிறு முழுக்கத் தையல் மெசின்தான், சீட்டுத் தைப்பாள்.

தவமணியின் மகள் யதுஷா வீட்டுப் பிறந்தநாளில், மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, தவமணி ரோல்ஸ் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு தொடங்கினாள். "ரெண்டே ரெண்டு சீட்டு! குடும்பம் எண்டால் ஆரை ஏத்துறது, ஆரை இறக்குறது? இது மட்டும் ரோட்டிலை ஓடட்டும், நானே முதல் ஆளாய்ப் பக்கத்திலை இருந்து முருகன் கோயிலுக்குப் போறன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயகௌரியும் சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். "மச்சாள், உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரட்டோ?"

ஓசிச் சட்டையை யார் விடுவார்? கை, கழுத்து அளந்தாள். அப்புறம் மண்டபத்துக் கதிரையில் இருத்தி இடுப்பை அளந்தாள், முதுகின் உயரத்தை அளந்தாள், இடுப்பிலிருந்து முழங்கால் மட்டும் நாடாவைப் பிடித்தாள்.

"சட்டைக்கு முழங்கால் எதுக்கடி?"

"இப்ப அதுதான் ஸ்டைல் மச்சாள்."

தவமணி தன்னிடமிருந்த அரக்குநிறப் பட்டுத்துண்டையும் கொடுத்தனுப்பினாள். கொடுத்ததுதான். சட்டை வரவில்லை. அதன் பிறகு கலியாண வீடு, செத்த வீடு எங்கேயும் ஒரே கதை: "என்னை ஆடு மாதிரி அளந்தவள். பட்டையும் முழுங்கிப்போட்டாள்."

காரைப் பரிசோதிக்கக் கொண்டுபோனபோது, நெடுத்த அதிகாரி ஒருவர் பக்கத்துச் சீட்டில் ஏறி இருந்தார். இருந்தவரால் எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்து இழுத்தார்கள். "மற்றதெல்லாம் திறம். ஆனால் இந்தச் சீட்டு ஆருக்குச் செய்தது?" என்று கேட்டார்.

"என்ரை மச்சாளுக்கு" என்றாள் ஜெயகௌரி.

டோர்ச்சும் கையுமாய் நின்ற பாலேந்திரனின் முகம் சுருங்கியது. "அப்ப எனக்கு?"

"நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ."

இன்று காலை கோயிலுக்குப் போகவென்று தவமணி துன்னுக்கு வந்தாள், தோளில் பை, வாயில் சாட்டுகள். முழங்கால் உளையுது, சேலை கசங்கும், காத்துக்குக் காது குத்தும். ஜெயகௌரி உதட்டில் நட்டோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் விட்ட சொல். தவமணிக்கு வேறு வழியில்லை. "நிலத்திலை இருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்று முணுமுணுத்தபடி மெல்ல உள்ளே சரிந்தாள்.

சீட்டு அவளை வாங்கிக்கொண்டது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம். முழங்கால் மடியும் இடத்தில் மெத்தை முடிந்தது. முதுகு சாய்ந்த உயரத்தில் தலைக்கு ஒரு திண்டு. குனிந்து பார்த்தாள். சீட்டின் விளிம்பைச் சுற்றி அரக்குநிறப் பட்டு ஓடியது.

"எடியே," என்றாள் தவமணி. விரலால் பட்டைத் தடவிப் பார்த்தாள். "அப்ப என்ரை சட்டை?"

ஜெயகௌரி நட்டை எடுத்துப் பையில் போட்டாள். "துணி காணேல்லை மச்சாள். உங்கடை இடுப்புக்கே முடிஞ்சுபோச்சு." வண்டியைச் சுற்றி வந்து மற்றப் பக்கம் ஏறினாள். "என்ன, ரயிலுக்கு நேரமாகுதோ?"

"ரயில் அரை மணிக்கொருக்கால் வரும்" என்றாள் தவமணி. தோளிலிருந்த பையைக் கழற்றிக் காலடியில் வைத்தாள்.

இப்போது ஜெயகௌரி துன் ஏரிக்கரை ரோட்டில் ஸ்டியரிங்கோடு இருக்கிறாள். பாலேந்திரன் அர்ச்சனைத் தட்டோடு பின்னால் பஸ்ஸில் வருகிறார்.