இடது பக்கத்துச் சக்கரம்

போன மாதம் என் மகன் ஒரு பழைய புல்லட்டை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அன்றிலிருந்து அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும், ஒரு நட்டு மாறினாலும் அது பழைய வண்டி இல்லை என்கிறான் ஒருவன். கைப்பிடியை உயர்த்தி, சீட்டைத் தாழ்த்தி, சைலன்சரைக் குட்டையாக்கி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடலாம் என்கிறான் இன்னொருவன். என்னிடமும் கேட்டார்கள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். ஆனால் இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. நான் பள்ளிக்கூடம் போன கடைசி வருடத்தில், ஐந்தாவது படிக்கும்போது, எங்கள் வீட்டு வாசலிலேயே இது நடந்தது.

அப்போது நாங்கள் மலை சுற்றுகிற பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் இருந்தோம். அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களில் வேர்க்கடலை வாங்கி மண்டியில் போடுகிறவர். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். ஊர் ஊராக அலைய அவரிடம் ஒரு புல்லட் இருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கியது. கறுப்பு வண்டி, டேங்கில் தங்க நிறத்தில் ஒரு கோடு. ஓட்டுவது அப்பா. பெரியப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனால் துடைப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வந்து, எண்ணெய் தொட்ட துணியால் கன்றுக்குட்டியைத் தேய்த்துவிடுகிற மாதிரி தேய்ப்பார். அந்த நேரத்தில் அப்பாகூட வண்டியைத் தொட முடியாது.

ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் எதிரே வந்த டிராக்டர் ஒன்று அப்பாவின் மேல் ஏறிவிட்டது. அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் பெரியப்பாவும் கூடப் போனார்கள். பெரியப்பா சில நாளில் திரும்பிவிட்டார், அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். என்னிடம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “கால்ல அடி. சரியாயிடும்.”

என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. வேங்கிக்கால் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. அவர் கைபட்ட பொருள் எதுவும் பழையபடி இருக்காது என்று வீட்டில் பெயர். ஒருமுறை எங்கள் இரும்புக் கட்டிலை வாசல் கேட்டாக மாற்றிவிட்டார். கேட் நன்றாகத்தான் இருந்தது. அப்பாதான் ஒரு வருடம் தரையில் படுத்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பெரியப்பா, நொறுங்கிய புல்லட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒப்படைத்தார்.

“இருந்த மாதிரியே ஆக்கிக் குடு. எந் தம்பி வந்து பாத்தா, டிராக்டர் இடிச்சதே தெரியக்கூடாது.”

மாமா வண்டியைச் சுற்றி வந்து, “பாக்கலாம் பெரிய மாமா” என்றார்.

அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. சரி என்று சொன்னால் என்ன? வண்டி பழையபடி ஆகிற அன்று அப்பாவும் பழையபடி ஆகிவிடுவார் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடிபட்டதால், இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குணமாவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதனால் வண்டியை நான்தான் காவல் காக்க வேண்டும்.

முதலில் மாமா ஒழுங்காகத்தான் வேலை செய்தார். வளைந்த முன்பக்கத்தை நிமிர்த்தினார். உடைந்த விளக்கை மாற்றினார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், பிரேக்கைக் காணோம். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்த இடது பக்கத்து மிதியடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

“மாமா, பிரேக் எங்க?”

“இருக்குது.”

“எங்க இருக்குது?”

“இருக்கற எடத்துல இருக்குது. இந்தா, போண்டா தின்னு. சூடா இருக்குது.”

அடுத்து, இடது காலை வைத்துக்கொள்கிற கட்டை போனது. அன்று பக்கோடா. அதற்கடுத்து ஸ்பிரிங் வைத்த சீட்டு போய், தட்டையாக, தாழ்வாக ஒன்று வந்தது. அன்று மறுபடியும் போண்டா. வண்டியில் ஏதாவது காணாமல் போகிற அன்றைக்கு மட்டும் ஏன் தின்பண்டம் வருகிறது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே தின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டிக்கு எதிரில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

“இன்னா மாப்ள, இந்த மொறை மொறைக்கற? போலீசுக்குச் சேரப் போறியா?”

நான் கல்லைவிட்டு நகர மாட்டேன். ஒரு நாள் சாவியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாவி எங்கே என்று மாமா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று. சாவி இல்லாமலே வண்டியைக் கடத்துவதற்கு ஏதோ வழி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு காயலான் கடையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் சக்கரமும் சில பைப்புகளும் வந்தன. மாமா பைப்பை வளைத்து, புல்லட்டின் இடது பக்கத்தில் வெல்டிங் வைத்து, அதன் முனையில் அந்தச் சக்கரத்தை மாட்டினார். நடுவில் ஒரு பலகை. பட்டறையில் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அந்தப் பலகைக்கு அடித்தார். கறுப்பும் தங்கமுமாக இருந்த எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் அது கிளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கால் பிரேக்குக்குப் பதிலாக டேங்குக்குப் பக்கத்தில் கையால் இழுக்கிற ஒரு கம்பி முளைத்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அசல் சாமான்களை விற்றுவிட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாதபடி வண்டியை மாற்றி, ஊரைவிட்டே ஓட்டிக்கொண்டு போகப் போகிறார்.

மாற்றுத் துணி எடுக்க அம்மா ஒரு நாள் வந்தாள். இளைத்திருந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் காதில் சொன்னேன்.

“மாமா வண்டியப் பிரிச்சு விக்கறாரும்மா.”

அம்மா பையைக் கீழே வைத்தாள். நேராக வண்டியிடம் போனாள். அந்தப் பச்சைப் பலகையில் உட்கார்ந்தாள். ஒரு கையைச் சீட்டில் ஊன்றி, இடது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, பலகையிலிருந்து சீட்டுக்கு மெல்ல நகர்ந்தாள். எப்போதும் அப்பாவின் பின்னால் ஒரு பக்கமாக மட்டுமே உட்காருகிற அம்மா, ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் எறக்குடா. கை வலிக்குது” என்றாள்.

“எவ்ளோக்கா?”

“நாலு வெரக்கடை.”

மாமா நாலு விரலைச் சேர்த்துச் சீட்டில் வைத்து அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார். அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அம்மாவும் கூட்டு என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மிச்சம் இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அடுத்த தெருவுக்கு ஓடினேன். “புல்லட்ட ஆட்டோ ஆக்கிட்டாரு பெரியப்பா” என்றேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக்கூட முடிக்காமல் வந்தார். வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“இது இன்னாது?”

“சைடு வீலு, பெரிய மாமா.”

“புல்லட்டுக்கு ஏதுடா மூணாவது சக்கரம்? கொழந்தைக்கு நடவண்டியா செய்யற?”

“சாயாம நிக்கணும் இல்ல?”

“ஸ்டாண்டு போட்டா நிக்குது. இத்தன வருசம் எப்பிடி நின்னுது?”

“ஸ்டாண்டுல நிக்கும் பெரிய மாமா. ஓட்டறப்போ...” என்று ஆரம்பித்த மாமா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “மாப்ள, உள்ள போயி பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டா.”

நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பெரியப்பாவின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். “இருந்த மாதிரியே வேணும்னு சொன்னேனா இல்லியா? ஒரு ஆணி மாறக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? பிரேக்க ஏண்டா கழட்டின? நீ யார்ரா அத்தக் கழட்ட?”

மாமா குரலை உயர்த்தவில்லை. “அங்க கையெழுத்து போட்டது நீங்கதான பெரிய மாமா. உங்களுக்கே தெரியலன்னா நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?”

வெளியே இரும்புச் சாமான்கள் உருளுகிற சத்தம் கேட்டது. நான் தண்ணீரோடு வெளியே வந்தேன். பெரியப்பா சுவர் ஓரமாகக் குனிந்திருந்தார். கழற்றிப் போட்ட சாமான்களில் அந்த இடது பக்கத்துப் பிரேக் மிதியடியைத் தேடி எடுத்தார். துண்டால் அதைத் துடைத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு, சொம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆக, வண்டியை விற்கக் கையெழுத்துப் போட்டதே பெரியப்பாதான். தன் பங்கையும் இப்போது எடுத்துக்கொண்டு போகிறார். அந்தச் சொம்போடு வாசலில் நின்றபோது, என்னைச் சுற்றி நல்லவர் ஒருவர்கூட இல்லை என்று தோன்றியது. அப்பா உண்மையிலேயே வேலூரில்தான் இருக்கிறாரா என்பதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அன்று மாமா வாங்கி வந்த போண்டாவை நான் தொடவில்லை.

அப்பா வேலூரில்தான் இருந்தார். ஒரு காலையில் வேன் வந்து நின்றது. முதலில் அம்மா இறங்கினாள். பிறகு இரண்டு ஊன்றுகோல்கள் இறங்கின. பிறகு அப்பா. அவருடைய இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. அந்தப் பக்கத்து வேட்டி மடித்துச் செருகப்பட்டிருந்தது.

எனக்கு முதலில் விளங்கியது வண்டிதான். பிரேக், கால் கட்டை, தாழ்ந்த சீட்டு, சக்கரம், பலகை எல்லாம் காணாமல் போன வரிசையிலும் வந்து சேர்ந்த வரிசையிலும் கண்ணெதிரில் வந்து நின்றன. அப்பாவை விளங்கிக்கொள்ள இன்னும் நாளானது.

அப்பா வண்டியை நெடுநேரம் பார்த்தார். மாமா கையைக் கழுவிவிட்டு வந்தும், இல்லாத அழுக்கைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

“நீயா செஞ்சியா மச்சான், உங்கக்கா சொல்லிச் செஞ்சியா?”

“அக்காதான் அளவு சொன்னிச்சு மாமா.”

“அளவெல்லாம் சரிதான். இந்தப் பச்சைய யாரு சொன்னது?”

அம்மா சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

கையெழுத்து எதற்கு என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அண்ணன் என்ற முறையில் பெரியப்பா போட்டிருக்கிறார். போட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்தான், நொறுங்கிய வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, இருந்த மாதிரியே ஆக்கிக் குடு என்று நின்றவர்.

எங்கள் ஊரில் புது வண்டியானாலும் பழுது பார்த்த வண்டியானாலும், கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் வேலைக்கு எடுப்பார்கள். அப்பா வந்த மறுநாளே அதற்கு ஏற்பாடானது. பெரியப்பா வரவில்லை. சொல்லி அனுப்பியும் வரவில்லை. சூடம் காட்டியாயிற்று. மாமா பழக்கத்தில் இரண்டு பழம்தான் வாங்கி வந்திருந்தார். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று வைத்துவிட்டார்.

“மூணாவது சக்கரத்துக்கு யாரு வெப்பா?” என்றார் குருக்கள்.

மாமா தலையில் அடித்துக்கொண்டு கடையைப் பார்த்து ஓடத் திரும்பினார். அப்போது பூக்கடைப் பக்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார் என்று தெரியாது. கையில் ஒரு எலுமிச்சம்பழம். குந்தி உட்கார்ந்து, ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அடியில் அதை வைத்து, உருளாமல் ஒரு சிறிய கல்லை முட்டுக் கொடுத்தார்.

அப்பா வலது காலால் உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. மூன்று பழமும் நசுங்கின. நான் பச்சைப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

“ஏறுண்ணா. பின்னாடி எடம் இருக்குது” என்றார் அப்பா.

“நீ போ. நான் நடந்து வர்றேன்.”

பெரியப்பா செருப்பைக் கழற்றிப் பூக்கடையில் விட்டார். பலகையைத் தாங்கிய பைப்பில் கையை வைத்துக்கொண்டு கூடவே நடக்க ஆரம்பித்தார். அப்பா அவருடைய நடைக்குத் தகுந்த மாதிரி முதல் கியரிலேயே போனார். சைக்கிளில் பின்னால் வந்த மாமா, “இஞ்சின் சூடாவுது பெரிய மாமா, ஏறிக்குங்க” என்று கத்திக்கொண்டே வந்தார். இடையிடையே நிறுத்தி இஞ்சினை ஆறவிட்டோம். பெரியப்பா அப்போதும் உட்காரவில்லை, கையையும் எடுக்கவில்லை. வெயில் ஏறி, ரோடு கொதித்தது. கால் மாற்றி மாற்றி வைத்தாரே தவிர, நிழலுக்கு ஒதுங்கவில்லை.

மாமாவின் வெல்டிங்கில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, எங்கே விட்டுவிடுமோ என்று பிடித்துக்கொண்டு வருகிறார் என்றுதான் அன்று நான் நினைத்தேன். எனக்கும் நம்பிக்கை இல்லை. அது விடுகிறபோது அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று, மலையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், சுற்று முடிகிற வரைக்கும் அந்த வெல்டிங் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.