மாமாவின் முகம்

அம்மாவின் தம்பிக்குப் புருவத்திலிருந்து உதடு வரை ஒரு தழும்பு. சிறுவயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் வந்தது. அது மேலுதட்டை ஒரு பக்கமாக இழுத்துவிட்டதால், அவர் சிரித்தாலும் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது பழகிய முகம். சின்னப் பிள்ளைகள் கூட அவரிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள்தான் சற்றுத் தள்ளி நிற்பார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து எழுமலையிலிருந்து என்னை மதுரைக்குக் கூட்டி வந்தார். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், தூண் ஓரமாக ஒரு சிறு பையன் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தான். பேருந்து ஒன்று அவனை ஒட்டித் திரும்பியது. மாமா பாய்ந்து அவனைத் தூக்கினார். அக்கம்பக்கம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. "மைக்குல சொல்லச் சொல்லுவோம், வா தாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பாதி வழியில் ஒருவர் மறித்தார். "யாரு புள்ளப்பா இது?"

"வழி தப்பி நின்னுச்சுண்ணே. மைக்குல சொல்லத்தான் போறேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே."

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை பிடிப்பவன் என்று யாரோ சொன்னார்கள். ஒரு கை மாமாவின் சட்டையைப் பிடித்தது. மாமா திமிறவில்லை. பையன் விழுந்துவிடாமல் அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு அம்மாள் குனிந்து என்னிடம் இரகசியமாக, "பயப்படாமச் சொல்லு பாப்பா, உன்னையும் தூக்கிட்டு வந்தானா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இது எங்க மாமா. எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. மூஞ்சி அப்படி இருந்தா அவரு என்ன செய்வாரு? சட்டைய விடுங்க" என்று கத்தினேன். பிடித்திருந்த கை தளர்ந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட களையான மனிதர் ஒருவர், "எங்கிட்டக் குடு" என்று கை நீட்டினார். பையன் வீறிட்டு, மாமாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அதற்குள் போலீஸ்காரர் வந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமா சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையையும் எங்கள் பயணச்சீட்டையும் எடுத்து நீட்டினார். அட்டை மழைக்கு நனையாதபடி உறையில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையனின் தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கும்போது மாமாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் தயங்கி, பிறகு, "நல்லா இருப்பீகண்ணே" என்று அழுதாள். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாருக்கும் நடித்துக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிலும் அந்த அட்டை விஷயத்தில் மாமாவின் முன்யோசனையை மெச்சி மெச்சிச் சொன்னேன். "நீங்க என்னைக்காச்சும் கார்டு எடுத்துட்டுப் போறீங்களாப்பா? மாமாவப் பாத்துக் கத்துக்கங்க."

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை; தம்பிக்குச் சோறு போட எழுந்து போனாள்.

அப்பா வெறுங்கையோடு ஊரெல்லாம் சுற்றி வருவார். அவரை யாரும் எங்கேயும் நிறுத்தி, நீ யார் என்று கேட்டதே இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.