நேரமில்லை

திருப்பதி அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையில் ஒரு தெலுங்குக்காரப் பெண்மணி இருந்தார். இருக்கை ஏசிக்கு நேர் கீழே என்பதால் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் செல்போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். வேலை முடிந்த பிறகுதான் திறப்பார். மாலையில் நேரத்துக்குக் கிளம்பியும் விடுவார். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் நான் கேட் பாஸ் போட்டுத் தராததால், அவர் அனுப்பவேண்டிய லாரி மதியம் வரை வாசலிலேயே நின்றது. வந்து கேட்டார். போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டே, "நேரமே இல்லைங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணா, தெலுங்குல நேரம்னா குத்தம். நீங்க தினமும் நேரமில்ல, நேரமில்லன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. எனக்கு, 'என் மேல குத்தமில்ல, குத்தமில்ல'ன்னு சொல்ற மாதிரியே கேக்குது" என்றார்.

கிண்டல் செய்தாரா, உண்மையிலேயே காதில் அப்படித்தான் விழுந்ததா, தெரியவில்லை. நான் கேட்பதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

நேற்று மேனேஜர், ரிப்போர்ட் எங்கே என்றார். "நேரமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.