வருகைப் பதிவும் என் இடது காதும்

முதலில் கேட்டது விசில் சத்தம். மைதானத்தில் பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் விடுப்பு. நான் சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். என்னை அறைந்தவர் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைவதுதான் தெரிந்தது.

பள்ளியில் அடி வாங்கி, அதை வெளியே சொல்லாமல் நடமாடும் ஆசிரியர் யாராவது இதைப் படிக்கக்கூடும். தைரியம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தையாவது நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய பள்ளி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சரும் நான்தான், வகுப்பாசிரியையும் நான்தான். இடது ஓரம் ஜன்னல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அவள் அம்மாவுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை. ஐஸில் கிடந்து கிடந்து விரல்கள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. ஆள் போகாவிட்டால் வேலை போய்விடும். அம்மாவுக்குப் பதிலாக மகள் போனாள்.

"ரெண்டே வாரம் டீச்சர். கை ஆறுனதும் அனுப்பிருதேன். ஆப்சென்ட் மட்டும் போட்டுராதிய. அவ அப்பாவுக்கு மெசேஜ் போயிரும்" என்று அந்த அம்மா வந்து கெஞ்சினார்.

இப்போது வருகைப் பதிவு செல்போனில். பிள்ளை வரவில்லை என்று அழுத்தினால் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போய்விடும். செல்வியின் அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். நான் 'வந்தாள்' என்று அழுத்தினேன். வருகை குறைந்தால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று பாவம் பார்த்து இப்படிப் போடுவது ஆசிரியர்கள் எங்களுக்குள் புதிதில்லை. இரண்டு வாரம் இரண்டு மாதமானது. நானும் பழக்கதோஷத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் செல்வியின் அப்பா லோடு ஏற்றுவதற்காக லாரியைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அதே கம்பெனியின் வாசல். தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக மகள் வெளியே வந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். சாப்பாட்டு வேளை. கேட்டில் காவலாள் கிடையாது. தலைமையாசிரியர் அறையில் ஏதோ கூட்டம். மற்ற ஆசிரியர்கள் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். வருகிற பெற்றோரை நின்ற இடத்திலேயே பார்த்துப் பேசி அனுப்புவது எங்கள் வழக்கம். கோபமாக வருகிறவரைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை; அவர் நின்ற சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தனியாகவே போனேன்.

"வரலன்னு ஒரு மெசேஜ்கூட வரல. தெனமும் வந்தாள்னு போட்டிருக்கிய. அத நம்பித்தான் நான் வண்டி ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன். எம்புள்ள எங்கன இருந்தாள்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றேன். அடுத்த நொடி இடது கன்னத்தில் அறை விழுந்தது.

தலைமையாசிரியர் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே விபத்துப் பதிவேடு (அடிபட்டு வருபவரிடம் அது எப்படி நேர்ந்தது என்று கேட்டு எழுதிவைக்கும் பதிவு, பிறகு வழக்கு என்று வந்தால் இதைத்தான் பார்ப்பார்கள்) திறந்திருந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் காரணம் கேட்கும். என் வேலையும் செல்வியின் பரீட்சையும் சேர்ந்தே போகும். தலைமையாசிரியர் என் முகத்தையே பார்த்தார்.

"படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

காது மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்தார். செவிப்பறையில் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) துளை.

"படியில விழுந்தா கன்னத்துல நாலு விரல் பதியாது டீச்சர். மாத்திச் சொல்லணும்னா இன்னைக்கே சொல்லுங்க. பிந்திச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

மாற்றவில்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதில் அறையே சுற்றியது.

காதில் தண்ணீர் படக் கூடாது, எண்ணெய் விடக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. பெரும்பாலும் துளை தானாக மூடிக்கொள்ளும் என்றார். பத்து நாளில் வகுப்புக்குத் திரும்பினேன். ஜன்னல் பெஞ்சில் செல்வி இல்லை. அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அவ அப்பா அனுப்ப மாட்டேங்காவ டீச்சர். பள்ளிக்கூடத்த இனிமே நம்ப மாட்டாவளாம்."

என் துளை மூடவில்லை. அரையாண்டு விடுமுறையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். காதுக்கு மேலே உள்ள தசையின் உறையை எடுத்துச் செவிப்பறையில் ஒட்டினார்கள். தையல் பிரித்து, சில வாரம் கழித்து ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்தார்கள். "சவ்வு நல்லா ஒட்டிருச்சு. ஆனா உள்காதுல பட்ட அடி சரியாகல. இனிமே அதுக்கு நான் செய்ய ஒண்ணுமில்ல" என்றார் மருத்துவர். அந்த விசிலுக்கு டின்னிடஸ் (வெளியே சத்தம் இல்லாமல் காதுக்குள் மட்டும் கேட்கும் இரைச்சல்) என்று பெயர். பழகிக்கொள்ள வேண்டுமாம்.

"ஏளா, இப்பமாவது உண்மையச் சொல்லுவோம்" என்றார் என் கணவர்.

"சொன்னா ரெண்டும் வெளிய வரும். அவர் அடிச்சதும் வரும், நான் பொய் போட்டதும் வரும்."

அடித்தவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெண்பிள்ளையைப் பெற்றவர் கேட்ட கேள்வியும் நியாயம்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இப்போது சொல்ல முடிவதில்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று கரும்பலகையில் எழுதுகிறேன். நாற்பது பெயரை வாசிக்க முன்பெல்லாம் மூன்று நிமிடம் போதும். இப்போது முதல் மணியில் பாதி அதற்கே போகிறது. இடப்பக்கத்துப் பிள்ளைகள் 'உள்ளேன் டீச்சர்' என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

பரீட்சை வரைக்கும் இருக்கட்டும் என்று செல்வியின் பெயரைத் தலைமையாசிரியர் நீக்காமல் வைத்திருக்கிறார். அவள் பெயர் வந்ததும் வலது காதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஒருவேளை அவள் சொல்லி எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஒரு நப்பாசை. ஆரம்பத்தில் "வரல டீச்சர்" என்ற பிள்ளைகள் இப்போது என்னோடு சேர்ந்து பேசாமல் காத்திருக்கிறார்கள்.

பிறகு 'வரவில்லை' என்று அழுத்துகிறேன். எந்த ஊர்ச் சாலையிலோ இருக்கும் செல்வியின் அப்பாவுடைய செல்போனுக்கு, அவருடைய மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை என்ற செய்தி தினமும் தவறாமல் போய்ச் சேர்கிறது.