கங்காணியின் பிரிக் கேம்

மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, அங்கே கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி இருந்தார். கோட்டுக் காலரின் பின்னால் குடை தொங்கும். கையில் கட்டை அடுக்கி விளையாடும் சின்னப் பெட்டியான பிரிக் கேம் கீச்சிடும். அந்தக் கீச்சொலி கேட்கிறவரை கொழுந்து பறிக்கும் பெண்கள் தைரியமாக வெற்றிலை மெல்லுவார்கள்.

ஒருநாள் மலை உச்சியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் புதுச் செல்போனில் பாம்பு விளையாட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

“அந்தப் பொட்டிய வீசுங்க கங்காணி. இனி எல்லாம் இதுலயே இருக்கு.”

“இருக்குதானுங்க ஐயா. தொரயும் அதுக்குள்ளதானே இருக்காரு?”

நான் சிரித்து முடிப்பதற்குள் போன் அலறியது. பாம்பைக் காணோம், திரையில் தோட்டத்தை நடத்தும் துரையின் நம்பர். விறைப்பாக எழுந்து நின்று, “சொல்லுங்க சேர்” என்றேன். கங்காணி உட்கார்ந்தபடியே அடுத்த கட்டையைத் திருப்பி இறக்கினார்.

அதன்பிறகு எத்தனையோ போன் மாற்றிவிட்டேன். ஒரு விளையாட்டையும் முடித்ததில்லை.