அக்காவின் அறையைப் பிரித்தேன்

இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு போன் விளையாட்டுக்கு இவ்வளவு கவலையா என்று சிரிப்பார்கள்.

அக்கா கட்டாரில் துப்புரவு வேலை செய்கிறாள். இன்னும் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் இருக்கிறாள். லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில், எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் இருக்கும் என்னோடு ஒரு மணித்தியாலம் விளையாடுவாள். ஆளில்லாத தீவில் மரம் வெட்டி, வேண்டியதை நாமே செய்து உயிர்பிழைக்கும் விளையாட்டு அது. அங்கே மூன்று மாதம் பாடுபட்டுத் தனக்கென்று ஓர் அறை கட்டியிருந்தாள். கதவு, ஜன்னல், ஒற்றைக் கட்டில்.

அடுத்த தீவுக்குப் போக ஆளுக்கொரு தோணி வேண்டும். அவள் செய்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். தோணிக்கு மரவேலையில் பதினைந்தாம் லெவல் தேவை. நானோ புள்ளி சேர்க்க நாற்பது மர ஈட்டி செய்தும் பதினான்கிலேயே நின்றேன். எரிச்சல் தலைக்கேறியது. செய்த பொருளைப் பிரித்தாலும் புள்ளி கிடைக்கும் என்று தெரிந்ததும், அவளுடைய அறையைப் பலகை பலகையாகப் பிரித்தேன். லெவல் ஏறியது. அக்கா சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள்.

"தம்பி, என்ட ரூம் எங்கடா?"

"லெவலுக்காகப் பிரிச்சிட்டன் அக்கா. திரும்பக் கட்டித் தாறன்."

"கதவு செய்ய முப்பதாம் லெவல் வேணும். உன்னால ஏலாதுடா."

பிறகு தீவில், கட்டில் இருந்த இடத்திலேயே அந்த ஒரு மணித்தியாலமும் நின்றாள். அவளுடைய தோணி கரையில் கிடந்தது.

இப்போதும் ஈட்டி செய்துகொண்டுதான் இருக்கிறேன். பதினாறுக்கு வந்திருக்கிறேன். கதவு செய்ய முப்பது லெவல் கேட்கும் விளையாட்டு, அதைப் பிரிக்கும்போது என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நானும் அக்காவிடம் கேட்கவில்லை.