கபிரியேல் அண்ணன் கேட்ட அவகாசம்

எங்கள் எஸ்டேட்டில் கபிரியேல் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை. தங்கமான மனுஷன். ஒரே குறை, எதற்கும் சட்டென்று பதில் சொல்ல வராது. கடையில் "டீயா, காப்பியா?" என்று கேட்டால்கூட, "கொஞ்சம் அவகாசம் குடுப்பா" என்பார். நாங்களெல்லாம் டைம் என்று சொல்கிற இடத்தில் அவர் மட்டும் அவகாசம் என்பார். மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிறவர் அல்லவா, சாமியார் பிரசங்கத்தில் சொல்லும் சொற்கள் அவர் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தன்று "சம்மதமா?" என்று சாமியார் கேட்டபோதும் நின்று யோசித்தாராம். பக்கத்தில் நின்ற ஞானஜோதி அக்கா முழங்கையால் ஒரு இடி இடித்த பிறகுதான் "சம்மதம் சாமி" வந்தது.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவரானதும் இப்படித்தான். வேண்டாம் என்று சொல்லலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

அது தேவிகுளத்துக்குக் கீழே, எங்கள் லயத்து வீடுகளை ஒட்டிய சர்க்கார் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. பிஜு என்ற மலையாளக் காண்ட்ராக்டர் வந்து கட்டினார். வெளியே பார்த்தால் நல்ல லட்சணம். ரோஸ் பெயின்ட், சுவரில் பட்டாம்பூச்சி. ஆனால் தாழ்ப்பாளைக் கதவுக்கு வெளிப்பக்கம் வைத்துவிட்டார்கள். உள்ளே போகிறவளால் பூட்ட முடியாது, வெளியே நிற்கிறவள் பூட்டலாம். முதல் நாளே யாரோ ஒரு வாலு, தலைமை ஆசிரியை பின்சி டீச்சரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடிவிட்டாள். குழாய் இருந்தது, அதில் தண்ணீர் வராது.

பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணனின் சின்ன மகள் பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தாள். அதுதான் அண்ணனை அரித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் மாதக் கடைசி நெருங்கியது. வேலை முடிந்தது என்று சங்கத் தலைவர் ஒப்புப் போட்டால்தான், அதாவது கையெழுத்துப் போட்டால்தான், பில் பாஸாகும். பிஜு ஒரு பெட்டி அல்வாவோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கபிரியேல் சேட்டா, இவிடெ ஒரு ஒப்பு. அத்ரதான்."

அண்ணன் அல்வாவைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "கொஞ்சம் விவரம் கேக்கணும் சார்."

"எந்து விவரம்?"

"எல்லா விவரமும்தான். அதுக்கு அவகாசம் வேணும்."

பிஜுவின் முகம் வெளுத்துப்போனது. "விவராவகாசமோ?"

"ஆமா சார். விவர அவகாசம்."

"சேட்டா, நமக்குள்ள எந்தினா அதெல்லாம்?" என்றவர், பேனாவை வாங்கிக்கொள்ளாமலே ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்கள் வந்து தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்தார்கள். சாயங்காலம் பிஜு வந்தார். "சேட்டா, இனி விவராவகாசம் வேண்டல்லோ?"

இன்னும் யோசிக்க நேரம் வேண்டுமா என்று கேட்பதாக அண்ணன் நினைத்துக்கொண்டார். எவ்வளவு மரியாதைக்காரர் என்று மனம் இளகி, "இன்னும் கொஞ்சம் வேணும் சார்" என்றார்.

அடுத்த நாள் கூரைமேல் தொட்டி ஏறியது, குழாயில் தண்ணீர் வந்தது. பிஜு மறுபடி வந்து கேட்டார். அண்ணன் மறுபடி, "ஒரு நாள் போதும்" என்றார். உடைந்திருந்த ஓடுகளை மாற்றினார்கள். எனக்குத் தெரிந்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குக்கூட இவ்வளவு வேகமாகக் காரியம் நடந்ததில்லை.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அண்ணன் ஒரு வாளி நிறையத் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தார். கீழே தேயிலைச் சரிவிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

"எவன்டா அது மேல? எடுவட்டவனே!"

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஞானஜோதி அக்காவின் முதுகு நனைந்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால், கழிவுக்குழாய் சுவரைத் தாண்டியதும் தேயிலைச் செடிக்குள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கழிவுக்குழியே தோண்டவில்லை. நல்ல தண்ணீரோடு போயிற்று, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பின்சி டீச்சரிடம் அண்ணன் குழியைப் பற்றிச் சொல்லப் போனார். "பரவால்ல டீச்சர், பிஜு சார் தினமும் விவர அவகாசம் வேணுமான்னு கேட்டுட்டுத்தான் போறாரு" என்றார். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எண்ட கபிரியேலே! மலையாளத்தில அவகாசம்னா உரிமை. விவராவகாசம்னா சர்க்காரோட கணக்கெல்லாம் கேட்டு வாங்குற சட்டம். நீங்க கேஸ் குடுக்கப் போறீங்கன்னு அவர் உறங்கவே இல்ல!"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து, "அறியாம ஒரு மனுஷன ஏமாத்திட்டேன் ஜோதி. போய்ச் சொல்லிடணும்" என்றார்.

"மொதல்ல குழியத் தோண்டட்டும். அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருங்க. நனைஞ்சது நானு."

"பொய்யில கட்டுன கக்கூசு நமக்கு வேணாம்."

"உண்மையில கட்டுனா மட்டும் மணக்குமாக்கும்?"

அண்ணன் கேட்கவில்லை. பிஜுவைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்பும் கேட்டார். பிஜு முதலில் நம்பவில்லை. பிறகு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார், சிலுவை போட்டுக்கொண்டார், அண்ணனின் தோளைக் கட்டிக்கொண்டார். "எண்ட மாதாவே! சும்மா டைமோ! அப்ப ஒப்பிடு சேட்டா."

"இல்லீங்க சார். அப்படி ஒரு சட்டம் இருக்குதுன்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். தெரியாம சொன்னதுக்கே தாழ்ப்பாளு, தண்ணி, ஓடு எல்லாம் வந்துச்சு. தெரிஞ்சு எழுதிக் குடுத்தா குழியும் வரும்னு தோணுது. டீச்சர் எழுதித் தாறேன்னாங்க. நாளைக்குக் குடுக்கப் போறேன். உங்ககிட்டச் சொல்லாமச் செய்யக்கூடாதுல்ல, அதான் வந்தேன்."

பிஜுவின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. "நாளைக்கே கொடுக்கணுமோ சேட்டா?"

"குழி எப்ப சார்?"

மறுநாள் விடிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கல்லும் பாறையுமான மண். பிஜுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு மனசு கேட்காமல் கட்டன்சாயா கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்துக்கொண்டே பிஜு அவரைத் திட்டினார், அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் குழி முடிந்து மூடி போட்ட பிறகு ஒரு வாளி ஊற்றினார்கள். சரிவில் ஞானஜோதி அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, "ஒண்ணும் வரல" என்று கத்தினாள். அதன் பிறகுதான் அண்ணன் ஒப்புப் போட்டார்.

அன்று மதியம் பெண் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவே இல்லை. என்ன என்று டீச்சர் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே போனவள் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.